முடிச்சுப் போட்ட கை

விடிவதற்கு முன்பே சலவைக் கூடத்தில் நீராவி ஏறிவிடும். விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உதறி, முனை பிசகாமல் கொதிக்கும் உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து தகடாக வரும். இந்த வேலையில் எங்கள் பதினொரு பேருக்கும் விரல் நுனியில் ரேகையே கிடையாது.

முதல் உருளையில் நிற்பவள் மேஸ்திரியக்கா. புருஷன் விட்டுப்போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள். அந்த மகளும் இப்போது எங்கள் பதினொரு பேரில் ஒருத்தி. அதைத் தினம் ஒரு தடவை எங்களிடம் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "நீங்கல்லாம் புள்ள பெத்தீங்க, நான் வளத்தேன்" என்பாள். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். போன வருஷம் கூலியைக் குறைத்தபோது நாங்கள் வெளியே நின்றோம். "என் புள்ளைக்கு உங்க சங்கமா சோறு போடும்?" என்று கேட்டுவிட்டு அவள் மட்டும் உள்ளே போனாள்.

உருளைக்கு முன்னால் ஒரு காவல் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். விரிப்பு கொஞ்சம் புடைத்தாலும் நிற்கும், முதலாளி கத்துவார். அதனால் கிழிந்த விரிப்பை நாடாவாகக் கிழித்து, கம்பியைப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுவோம். அந்த முடிச்சை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் மேஸ்திரியக்காதான். அவள் போட்டால் அவிழாது.

செவ்வாய்க்கிழமை அவள் மகளின் கை உள்ளே போனது. மெஷின் நிற்கவில்லை. மூன்று விரல்கள் போயின. அந்தக் கருகல் வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஒரு காகிதத்தோடு கூடத்துக்கே வந்தார்.

"பொண்ணு தானா கம்பியக் கட்டியிருக்கா. தாயா நீ இதுல கையெழுத்துப் போடு, வைத்தியத்த நான் பாத்துக்கறேன். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் இங்க வேலை இல்ல."

"யாரு கட்டினதுன்னு உங்களுக்குத் தெரியுமேய்யா."

"அப்போ உன் பேரப் போடவா? பெத்தவளே புள்ள கைய எடுத்துட்டான்னு நாலு பேரு பேசட்டுமா? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. அவள் பேனாவை வாங்கினாள். போட்டுவிடுவாள் என்றே நான் நினைத்தேன். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அவ பயந்தாடி. வேணாம்மா, கம்பி இருக்கட்டும்னா. என் பொண்ணு மத்தவளுக்குக் கொறஞ்சவளான்னு நான்தான் கட்டினேன். நல்ல அம்மான்னு நீங்க சொல்லணும், அதான் எனக்குப் பெருசாப் போச்சு. அவ பயந்தது என் காதுல ஏறல."

காகிதத்தை நீட்டினாள். "என் பேரையே எழுதுங்கய்யா. கட்டச் சொன்னது யாருன்னும் எழுதுங்க."

"நான் சொன்னேனா? சாட்சி யாரு?"

எனக்கும் இரண்டு பிள்ளைகள். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் நின்றேன். ஆனால் என் உருளையிலும் நாடா தொங்குகிறதே.

"நான் சாட்சி," என்றேன். "மெஷின் நின்னா நீயும் நில்லுன்னு வாசலக் காட்டினீங்க. அன்னைக்குத்தான் நானும் கட்டினேன்."

"நானும்" என்றது ஒரு குரல். பிறகு யார் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரோ நீராவிக் குழாயை மூடினார்கள்.

"நாளைக்கே வேற ஆளு நிக்கும்" என்றார் முதலாளி. அது உண்மைதான். வாசலில் வேலை கேட்டு ஆள் நிற்காத நாளே கிடையாது. இருந்தும் வெளியே வந்துவிட்டோம்.

தெருவில் அக்கா நின்றுவிட்டாள். "பொண்ணு ஆஸ்பத்திரியில தன் மேலதான் தப்புன்னு அழுதுக்கிட்டுக் கெடக்கா. நான் பேசாமலே இருந்துட்டேன். என் தப்புன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்?"



"நீதான்க்கா சொல்லணும்," என்றேன். "நாங்க பக்கத்துல நிக்கிறோம்."

ஈரச் சேலையோடு பத்துப் பேரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம்.