விளங்கிச்சுங்களா?

நிரோஷன் கெட்டிக்காரன். அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. கொட்டகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் காம்பராவில் பிறந்து, ஹட்டன் கடைவீதி மாடியில் கம்பெனி போட்டவன். அவன் செய்த செயலியைத் திறந்து ஃபோனை எந்தக் கடிதத்துக்கு நேராகப் பிடித்தாலும், சிங்களமோ இங்கிலீஷோ, தமிழில் வாசித்துச் சொல்லிவிடும். முடித்ததும் "விளங்கிச்சுங்களா?" என்று கேட்கும். எந்த அரசாங்கக் கந்தோரிலும் நம் சனத்திடம் யாரும் கேட்காத கேள்வி. அதைச் சேர்க்கத் தோன்றியதற்காகவே அவனைக் கும்பிடலாம். கும்பிட்டார்கள். வினையும் அங்கேதான் தொடங்கியது.

அந்தச் செயலிக்குக் குரல் கொடுத்தவள் பிரேமினி. பேசிப் பதிவு செய்ய வந்தவள், அப்படியே அங்கே வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

காலைக் கூட்டத்துக்கு நிரோஷன் வைத்த பேர் 'பெரட்டு'. தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பார்களே, கூடவே ஏசுவார்களே, அதே பெரட்டு. பேர் விளையாட்டுக்கு வைத்தது, ஏச்சு விளையாட்டில்லை. அவனை 'சேர்' என்று கூப்பிடக்கூடாது, 'அண்ணே' என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த அண்ணன் வாய் திறந்தால் மாடு, எருமை எல்லாம் வரும். பெரிய மூளை, கொஞ்சம் சூடாகத்தான் செய்யும் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். பிரேமினியும்தான்.

ஒரு நாள் பெரட்டில் அப்ரா ஒரு பிழையைச் சொன்னாள். அப்ராவும் அங்கே வேலை செய்தவள், பிரேமினியின் கூட்டாளி. செயலி ஒரு கடிதத்தில் 'வர வேண்டாம்' என்பதை 'வர வேண்டும்' என்று வாசித்திருந்தது. அவள் சொன்னது சரி. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த ஃபோனை அவள் முகத்துக்கு நேரே வீசினான். புருவம் கிழிந்து, வெள்ளை ஸ்கார்ஃபில் இரத்தம் இறங்கியது. பிரேமினி தன் துப்பட்டாவால் அழுத்திப் பிடித்தாள்.

"சரி, அடுத்தது," என்றான் நிரோஷன். பெரட்டு நடந்தது.

அதோடு அப்ரா வேலைக்கு வரவில்லை. முறைப்பாடு எழுதினாள். கம்பெனிக்கு முதல் போட்டவர்கள் கொழும்பிலிருந்து விசாரிக்க ஒரு பெண் அதிகாரியை, ஒரு நோனாவை, அனுப்பினார்கள். விசாரணைக்கு முந்தின நாள் அப்ரா பிரேமினிக்கு ஃபோன் எடுத்தாள்.

"நீ கண்டதச் சொல்லு பிரேமினி. கூட்டவும் வேணா, கொறைக்கவும் வேணா."

வீட்டில் அம்மா பேச்சியம்மா வேறு மாதிரிச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரி அனுப்புன சிங்களக் கடிதத்த நிரோஷன் புள்ள செஞ்சதுதான் வாசிச்சு சொல்லிச்சு. இல்லாட்டி ஆப்பரேசன் தேதிய விட்டுட்டு நா போயே சேந்திருப்பேன். நம்மள்ல ஒருத்தன் தலையெடுத்திருக்கான். அவன நாங்களே கவுக்கிறதா?"

அம்மா சொன்னதும் பொய்யில்லை.

மறுநாள் நோனா தமிழில், பொறுமையாகத்தான் கேட்டார்.

"கை தவறி விழுந்திச்சுங்க," என்றாள் பிரேமினி.

சொல்லும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதடு கிடக்குமே, அப்படிக் கிடந்தது உள்ளே.

"நீதான் நம்ம ஆளு," என்றான் நிரோஷன். அடுத்த பெரட்டில் அவளை மாடு என்றான். அதுவும் வலிக்கவில்லை.

அப்ராவின் வாப்பா ராசிக்குக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு, சப்பாத்துக் கடை. சில வாரமாக அந்தப் பக்கமே தலைகாட்டாத பிரேமினியை ஒரு நாள் மழை உள்ளே தள்ளியது. கல்லாவில் இருந்த ராசிக் ஒரு கடிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மகள், நனையாதீங்க. அப்ராக்கு வந்திருக்கு. அவ பிரிக்க மாட்டேன்டு சொல்லிட்டா. நமக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

ஃபோனைக் கடிதத்துக்கு நேராகப் பிடித்தார். பிரேமினியின் குரல் கணீரென்று வந்தது.

"வணக்கங்க. உங்கள் முறைப்பாடு விசாரிக்கப்பட்டது. ஃபோன் கை தவறி விழுந்ததாக, நேரில் பார்த்த பிரேமினி சொல்லியிருக்கிறார். ஆகவே நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று முடிவாகியுள்ளது."

'வேண்டாம்' என்பதைச் சரியாகவே வாசித்தது. அப்ரா சொன்ன பிழையைத் திருத்தியிருந்தார்கள்.

"விளங்கிச்சுங்களா?" என்று குரல் கேட்டது. "இல்லாட்டி மறுபடி சொல்லவா?"

ராசிக் ஃபோனைப் பார்க்கவில்லை. பிரேமினியைப் பார்த்தார்.

"வேணா மகள்," என்றார். "வெளங்கிச்சி."