ஒரு செவ்வரளி, இரண்டு வெள்ளரளி

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது என் காபிக் கடை. வெளிநாட்டுக்காரர்கள் மனம் அடங்குவதற்காக அங்கே வந்து உட்காருவார்கள். உள்ளூர்க்காரர்கள் வெளிநாட்டுக்காரர்களைப் பார்ப்பதற்காக வந்து உட்காருவார்கள். காபிக்காக மட்டும் வந்தவள் தேவிப்ரியா ஒருத்திதான். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என்னைக் கல்யாணம் செய்துகொள்வதென்று அவள் முடிவு செய்து வெகு நாள் கழித்துத்தான் விஷயம் எனக்கே தெரிந்தது.

அவள் என்னோடு ஆடுகிற விளையாட்டு ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. மேஜையில் மூன்று டம்ளர்களைக் கவிழ்த்து வைப்பாள். ஒன்றுக்குள் ஏலக்காய் இருக்கும், மற்ற இரண்டும் காலி. நான் ஒன்றைத் தொட வேண்டும். தொட்டதும் மிச்சம் இரண்டில் காலியான ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு, மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்பாள். நான் மாற்ற மாட்டேன். தொட்டதை விட்டுவிட்டு ஓடுகிற வம்சம் இல்லை எங்களுடையது. தவிர, மீதி இருப்பது இரண்டு டம்ளர். பாதிக்குப் பாதி. இதில் மாற்றினால் என்ன, மாற்றாவிட்டால் என்ன?

ஆனால் பெரும்பாலும் தோற்றது நான்தான். தோற்றால் காபி ஓசி என்பது ஏற்பாடு. கடை அவள் பேருக்கு மாறிவிடும் போலிருந்தது.

"உன் கண்ணு மீதி இருக்கிற ரெண்டு டம்ளர்லயே நிக்குது" என்றாள் ஒரு நாள். "நீ தொடும்போது மூணு இருந்துச்சில்ல? அப்ப நீ தொட்டது தப்பா இருக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தி. மூணுல ரெண்டு. நீ தப்பா தொட்டிருந்தா ஏலக்காய் என் பக்கம் இருக்குது. எதுலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் காலிய தூக்கறேன். அப்ப நான் தூக்காம விட்டதுலதான இருக்கணும்?"

நான் தலையை ஆட்டினேன். புரிந்தவன் ஆட்டுவதும் புரியாதவன் ஆட்டுவதும் பார்ப்பதற்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

அவளுடைய அப்பா தருமனுக்கு அடி அண்ணாமலையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலமும் ஒரு கிணறும் உண்டு. நல்ல மனிதர்தான். காபி ஆற்றுகிறவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்பதைத் தவிர அவரிடம் நான் ஒரு குறையும் கண்டதில்லை. வேலூரில் மின்வாரியத்தில் வேலை செய்கிற ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். ப்ரியா முடியாது என்றாள். அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். அம்மா ராஜம்மாள் இரண்டு பேருக்கும் சமைத்துச் சமைத்து மாட்டுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். மாடு ஒரு சுற்று பெருத்தது.

கடைசியில் தருமன், அம்மனையே கேட்டுவிடலாம் என்றார். அவர்கள் நிலத்தை ஒட்டி எல்லையம்மன் கோவில் இருக்கிறது. அங்கே பூக் கட்டிக் கேட்பது வழக்கம். இலைப் பொட்டலங்களில் பூவை வைத்து நாரால் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். கேட்கிறவர் ஒன்றை எடுக்க வேண்டும். செவ்வரளி வந்தால் சம்மதம், வெள்ளரளி வந்தால் இல்லை.

வழக்கமாக இரண்டு பொட்டலம்தான். தருமன் மூன்று என்றார். வீட்டில் மூன்று பேர், ஆளுக்கு ஒரு பூ, அதுதான் நியாயம் என்றார். தனக்கு ஒரு வெள்ளை, மனைவிக்கு ஒரு வெள்ளை, மகளுக்கு ஒரு சிவப்பு. ராஜம்மாளுக்கு வெள்ளைதான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை வந்தால் மறுபேச்சு இல்லாமல் வேலூர்க்காரனைக் கட்டிக்கொள்கிறேன் என்று ப்ரியா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. என்னைக் கேட்காமல் என்னைப் பந்தயம் வைக்க இவள் யார்? போனில் கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்து, அந்தக் கோவில் வழக்கம் ஒன்றைச் சொன்னாள்.

முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பூசாரி, பணம் கொடுத்தவன் சொன்னபடி எல்லாப் பொட்டலத்திலும் வெள்ளையையே வைத்துவிட்டானாம். மாட்டிக்கொண்டதும் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு போட்டது. கேட்கிறவர் ஒரு பொட்டலத்தை எடுத்ததும், கீழே கிடப்பதை எல்லாரும் பார்க்கப் பிரித்துக் காட்ட வேண்டும். மூன்று பொட்டலமாக இருந்தால் முதலில் கீழே கிடப்பதில் ஒன்று, பிறகு கையில் எடுத்தது, பிறகு மிச்சம்.

"மூணு பொட்டலம் வெச்சா, திருமலை பூசாரி முதல்ல பிரிக்கிறதுல என்னிக்குமே செவப்பு வந்ததில்ல" என்றாள். "நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன். செவப்பு முதல்லயே வந்துட்டா, எடுத்தது வெள்ளைன்னு அப்பவே தெரிஞ்சுபூடும். ஜனங்க தீபாராதனைக்கு நிக்காம கெளம்பிடுவாங்க. அதனால வெள்ளையாப் பாத்துத்தான் பிரிப்பாரு."

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கட்டறதே அவருதான?"

இதை அடி அண்ணாமலையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எந்தப் பொட்டலத்தில் எந்தப் பூ என்பது அம்மனுக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் ஊரின் நம்பிக்கை. பூசாரிக்கும் தெரியும் என்று ஊருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை என்னையும் வரச் சொல்லியிருந்தார் தருமன். பிறகு குறை சொல்லக் கூடாது, கண்ணால் பார்த்துவிட்டுப் போ என்றார். போனேன். பங்காளிகள் கொஞ்சம் பேர் வந்திருந்தார்கள். கருவறைக்குள் போய் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிய மூன்று பொட்டலங்களை, தனக்கு ஒன்றுமே தெரியாது என்கிற முகத்தோடு திருமலை அம்மன் காலடியில் போட்டார். கற்பூரம் ஏற்றினார்.

ப்ரியா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு நடுவில் இருந்ததை எடுத்தாள். திருமலை மீதி இரண்டையும் பார்த்தார். இடது பக்கத்துப் பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. எதிர்பார்த்ததுதான். அடுத்தது அவள் கையில் இருப்பதைப் பிரிக்க வேண்டும். பூசாரி கையை நீட்டினார்.

ப்ரியா பொட்டலத்தைத் தட்டில் வைத்துவிட்டு, "மாத்திக்கிறேன்" என்றாள்.

யாருக்கும் விளங்கவில்லை. கீழே கிடக்கிற கடைசிப் பொட்டலத்தை எடுத்துக்கொள்கிறேன் என்று அவள் விளக்கியதும் கோவிலே கூடிப் பேசியது. அம்மன் எடுத்துக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதா? கடையில் புடவை மாற்றுகிற மாதிரியா? ஏன் என்று கேட்டார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பூசாரிக்குத் தெரியும் என்று சொல்லியாக வேண்டும். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

"அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையா இருக்குது" என்றார் தருமன். பிறகு, தான் யாரைப் புருசன் என்று சொல்லிவிட்டோம் என்று யோசித்து என்னை முறைத்தார்.

எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. டம்ளர் விஷயம் வேறு. அங்கே தோற்றால் ஒரு காபி போகும். இங்கே அவள் தன் கையால் எடுத்தது அது. அதில் நான் இருந்தால்? "மாத்தாத ப்ரியா, எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்" என்றேன். தருமனும் நானும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மாற்றக் கூடாது என்று விதி இருக்கிறதா என்று பூசாரியிடம் கேட்டாள். திருமலை தாடையைச் சொறிந்தார். இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டதில்லை என்பதால் தடையும் இல்லை என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இவர் கொடுத்துவிட்டார்.

தருமனுக்குக் கோபம் தலைக்கேறியது. எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்தார்.

"சத்தியமா சொல்றேன். முதல் கை எதுவோ அதான் அம்மன் வாக்கு. இவ மாத்தினாலும் சரி, மாத்தாட்டியும் சரி, நான் முதல் கையத்தான் ஒத்துப்பேன்."

ப்ரியா காதில் வாங்கவில்லை. கடைசிப் பொட்டலத்தை எடுத்துப் பூசாரியிடம் நீட்டினாள். திருமலை நாரை அவிழ்த்தார்.

வெள்ளை.

தருமன் மூச்சு விட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வேலூர்க்காரன் முகம் எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்தது நினைவிருக்கிறது. ப்ரியா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு டீச்சரின் முகத்தில் கணக்கு எதுவும் இல்லை.

கட்டுப்பாட்டின்படி மிச்சத்தையும் காட்டியாக வேண்டும். தட்டில் கிடந்த முதல் பொட்டலத்தைத் திருமலை பிரித்தார். செவ்வரளி.

தருமன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கரி ஒட்டியிருந்தது.

"முதல் கைதான் வாக்குன்னீங்க" என்றார் ராஜம்மாள். அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது.

தருமன் பங்காளிகளைப் பார்த்தார். அவர்கள் மலையைப் பார்த்தார்கள். பூசாரியைப் பார்த்தார். அவர் மணியை எடுத்துத் தீபாராதனையைத் தொடங்கிவிட்டார். அது முடிந்து விபூதி வாங்கிப் பூசிக்கொண்ட பிறகு தருமன் என் பக்கம் வந்து, காபித்தூள் எங்கே வாங்குகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அங்கே விலை ஜாஸ்தி என்றார். கல்யாணம் நிச்சயமானது எங்களுக்கு அப்படித்தான்.

வெளியே வேப்பமரத்தடியில் என் பைக் பக்கத்தில் ப்ரியா தனியாக நின்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் புத்தி போய்விடுமே, வாயைக் கொடுத்தேன். இனிமேலாவது ஒத்துக்கொள், எடுத்ததை விடக் கூடாது, பார்த்தாயா என்றேன்.

"மறுபடி மூணு பொட்டலம் வெச்சாலும் மாத்துவேன்" என்றாள்.

அவள் அழுதுகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"மாத்தலன்னா மூணுல ஒரு பங்குதான் நீ கெடைப்ப. மாத்தினா ரெண்டு பங்கு. எனக்கு நீ வேணும், அதான் மாத்தினேன். ஊரே திட்டுச்சு, பரவால்ல. நீயும் சேந்து மாத்தாதன்னு சொல்ற. ஒரு பங்கு போதுமா உனக்கு?"

இத்தனை நாள் டம்ளர் டம்ளராகத் தோற்றும் புரியாத கணக்கு அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. அவமானமாக இருந்தது.

"போதாது" என்றேன்.