சேர்மனின் செம்பட்டை

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சேர்மன் தன் தலையைத் தம்பி மனைவியிடம் ஒப்படைக்க இசைந்தார். சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் நின்று, கையைத் தட்டி, அவரே அறிவித்தார். கேட்க இருந்தவர்கள் இரண்டே பேர், தம்பியும் தம்பி மனைவியும். இருந்தாலும் "அனைவருக்கும் வணக்கம்" என்றுதான் தொடங்கினார்.

"இந்தக் குடும்பத்துக்காக எவ்வளவோ குடுத்திருக்கேன். இப்ப என் தலையையும் குடுக்கறேன்."

சேர்மன் என்பது வீட்டார் வைத்த பெயர். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு அந்த அம்மாள்தான் தலைவி. லிஃப்ட் குழு, செடிகொடிக் குழு, நாய் ஒழுங்குக் குழு மூன்றும் அவர் கையில். அந்தக் கட்டடத்தில் நாய் கிடையாது.

பல வருடமாகக் கருப்புச் சாயம் பூசி வந்த தலை அது. ஒருநாள் கடையில் ஒரு சாய டப்பாவைப் பார்த்தார். அட்டையில் சாம்பல் கலந்த பழுப்புக் கூந்தலோடு ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். முதலில் ப்ளீச் பூசி அரை மணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தது. அரை மணியில் இவ்வளவு என்றால் இரண்டு மணியில் எவ்வளவு என்று கணக்குப் போட்ட சேர்மன், அதைப் பூசிக்கொண்டே லிஃப்ட் குழுவைத் தொலைபேசியில் கூட்டி முடித்தார். கழுவிப் பார்த்தால் செம்பட்டை. சாதாரணச் செம்பட்டை இல்லை, துருப்பிடித்த இரும்புக் கேட்டை வெயிலில் நிறுத்தினாற்போல. புதிதாக வளர்ந்த நரை மட்டும் நெற்றியோரம் வெள்ளை வெளேரென்று தப்பித்திருந்தது.

அன்று அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை.

தம்பி மனைவி இரண்டு வருடமாக ஒரு பார்லரில் பிறர் தலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே சாயம் போடுகிறவளின் நாற்காலி ஒன்று காலியாகியிருந்தது. சான்றிதழ் வாங்கி வந்தால் அது உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டாள். செய்முறைத் தேர்வில் கேட்டது, சாயம் போட்டுச் சிவந்துபோன முடியைச் சரிசெய்வது. தலையை அவரவரே கொண்டுவர வேண்டும். அவளும் ஊரெல்லாம் தேடினாள். செம்பட்டையானவர்கள் எல்லாரும் மறுநாளே ஓடிப்போய்ச் சரிசெய்துகொண்டார்கள். இப்போது வீட்டுக்குள்ளேயே ஒன்று விளைந்திருக்கிறது. மற்றவர்கள் தங்கத்தைப் பார்க்கிற பார்வையை அவள் நாத்தனார் தலைமேல் வைத்தாள்.

"அண்ணி, பரீட்சை வரைக்கும் இதுமேல ஒண்ணும் போடாதீங்க. கெட்டது கெட்டபடியே இருக்கணும்."

"நான் கெட்டுப்போயிட்டேங்கறியா?"

"முடியைச் சொன்னேன்."

அதுவரை சேர்மன் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு நடமாடினார். வீடியோவில் நடந்த சங்கக் கூட்டங்களில், பாதுகாப்புக் காரணங்களுக்காக, கேமராவை அணைத்துவைத்தார்.

தேர்வு நாள் வந்தது. நீளக் கூடம், வரிசையாகக் கண்ணாடிகள், மூக்கைப் பிடுங்கும் மருந்து நெடி. கணவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான். அவள் நாத்தனார் தலைத் துணியை அவிழ்த்தாள்.

நடுவில் செம்பட்டை அப்படியே இருந்தது. நெற்றியோர நரை மட்டும் கத்திரிக்காய் நிறத்தில் ஜொலித்தது.

"யாரு பண்ணது இது?"

"கத்தாத. நாலு பேர் பாக்கறாங்க" என்றார் சேர்மன். "உன் வீட்டுக்காரன்தான் ஊதா ஷாம்பு வாங்கிட்டு வந்தான். நல்லா புடிக்கட்டும்னு ரொம்ப நேரம் ஊறவெச்சேன்."

"வீடியோல சொன்னாங்க" என்றான் கணவன். "கலர் போன முடிக்கு ஊதாதானாம்."

"மஞ்சளுக்குங்க ஊதா! செம்பட்டைக்கு நீலம்! ரெண்டு வருஷமா வீட்ல கத்திக் கத்திப் படிச்சேனே, காதுல என்ன பஞ்சா வெச்சிருந்தீங்க? எதுக்கு வாங்கினீங்க? யார் கேட்டா?"

அவன் பையைப் பார்த்தான். பை உதவவில்லை.

"இல்ல... நீ ஒருவேளை பெயிலாயிட்டா அக்கா தலை என்ன ஆகறது? அதான்..."

பக்கத்து நாற்காலிகளில் சீப்புகள் நின்றன. அவளுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது.

"அப்போ நான் பெயிலாவேன்னே ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க. உக்காந்து பேசி, கடைக்குப் போயி, காசு குடுத்து வாங்கியிருக்கீங்க."

"முடிவு இல்லம்மா, முன்னெச்சரிக்கை" என்றார் சேர்மன். "லிஃப்ட்டுக்குக்கூட ஜெனரேட்டர் வெக்கறோமில்ல?"

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். இவளுக்கு மயிர் போனால் மலையும் போயிற்று.

தேர்வாளர் வந்தார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டி, நிறம் என்பது ஒரு தத்துவம் என்று காலையிலிருந்து ஒவ்வொரு நாற்காலியிலும் சொல்லிக்கொண்டு வருகிறவர். அவர் மீசைக்கு அடித்திருந்த கருப்பு, மேலுதட்டுக்கும் கொஞ்சம் பரவியிருந்தது.

"விண்ணப்பத்தில் செம்பட்டை மட்டும் என்று இருக்கிறது. இங்கே ஊதாவும் காண்கிறதே?"

"செம்பட்டை இருக்குல்ல சார்? மிச்சத்தைக் கழுவிட்டு ஆரம்பிக்கறேன்."

"நேரம் கூட்டித் தரப்பட மாட்டாது."

"நான் கேக்கல சார்."

சேர்மனைத் தொட்டிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். ஒட்டிய சாயத்தைக் கரைக்கும் பொடுகு ஷாம்பு, வெந்நீர், அலசல். மறுபடி ஷாம்பு, வெந்நீர், அலசல். கோபம் முழங்கை வரைக்கும்தான் வந்தது. நகத்தை அந்தத் தலையில் பதிய விட அவளுக்கு அன்று இருந்த ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

"தண்ணி சுடுது."

"சுடட்டும்."

"இதுக்கு ஒரு முறை இருக்கும்மா. எங்க சங்கத்துல..."

"வாயை மூடுங்க அண்ணி. நுரை உள்ள போயிடும்."

சேர்மன் வாயை மூடினார். சங்க வரலாற்றில் யாராலும் முடியாத காரியம்.

ஊதா ஒருவழியாக இறங்கியது. நேரமும் இறங்கியிருந்தது. வேகத்தில் கலக்கும் மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றி, நிறத்தைத் திருத்தும் டோனரை அதில் பிதுக்கினாள். குனிந்து பார்த்தால் கையில் இருந்தது ஊதாக் குழாய். தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு கிண்ணத்தைக் குப்பையில் கவிழ்த்தாள். கலக்கும் மருந்து பாதிதான் மிச்சம். அதில் நீலத்தைக் கலந்து, ஒரு சொட்டுக்கூட வீணாக்காமல் செம்பட்டையில் மட்டும் சீப்பால் இழுத்து இழுத்துப் பூசினாள். நரையைத் தொடவில்லை. கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நின்றாள். பொறுத்திருந்து அலசி உலர்த்தியபோது மணி அடித்தது.

சாம்பல் கலந்த பழுப்பு. நெற்றியோரம் வெள்ளிக் கீற்று. டப்பா அட்டையில் சிரித்தவள் பார்த்தால் பொறாமைப்படுவாள். சேர்மன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிற்று.

"தேர்ச்சி" என்றார் தேர்வாளர். அதைச் சொல்வதற்கு முன்னால் தத்துவத்தை இன்னொரு தடவை சொன்னார்.

பார்லரில் அவளுக்கு நாற்காலி கிடைத்துவிட்டது. அண்ணி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஷாம்பு விஷயத்தை மறந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். சேர்மன் எழுந்து, கூடத்தைப் பார்த்துத் திரும்பி, கையைத் தட்டினார்.

"அனைவருக்கும் ஒரு தகவல். நான் முன்கூட்டியே ஊதா போட்டு அடித்தளம் அமைச்சதாலதான் கலர் இவ்வளவு நல்லா புடிச்சிருக்கு."

"நான்தான் வாங்கினேன்" என்றான் கணவன்.

அவள் துடைப்பத்தை எடுத்து, தரையில் கிடந்த முடியைக் கூட்டினாள். அதற்கு ஆள் இருந்தது. ஆனாலும் கூட்டினாள், துடைப்பம் முறிகிற மாதிரி.

வீடு திரும்பும்போது காரின் முன்சீட்டில் சேர்மன், கண்ணாடியைக் கீழே இழுத்து முகம் பார்த்துக்கொண்டே திட்டம் போட்டார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மேடையேறி, 'என் மாற்றம், என் முயற்சி' என்று பேசப்போகிறார். அங்கே எடுக்கும் படம் பெரிதாகி லிஃப்ட் வாசலில் தொங்கும்.

"கூட்டம் எப்ப அண்ணி?" என்று பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள்.

"அடுத்த மாசக் கடைசி. ஏன்?"

"சும்மாதான். நல்லா பண்ணுங்க."

பார்லரில் தலை கழுவ வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு வருடமாக அவள் தவறாமல் சொல்லி வந்த ஒன்று உண்டு. சேர்மனிடம் அதைச் சொல்லவில்லை.

டோனர் மூன்று, நான்கு வாரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும். அடியில் செம்பட்டை அப்படியேதான் இருக்கும்.