தியாகிக்கு வைத்த பொட்டு

தன் முகத்துக்கு மாலை போட்டிருப்பதை அர்ச்சுனன் முதன்முதலில் பார்த்தது ஒரு வியாழக்கிழமை காலை, ரொட்டி வாங்கப் போன வழியில்.

பகாவ் சாலையிலிருந்து தோட்டத்துக்குத் திரும்புகிற முச்சந்தி அது. முந்தின நாள் வரை அங்கே உர விளம்பரம் நின்றது. இப்போது பத்தடி உயரத்துக்கு ஒரு பேனர். ஒரு பக்கம் வேட்பாளர் யோகேந்திரன் கையைக் கூப்பிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். மறுபக்கம் சுருட்டை முடியும் முறுக்கு மீசையுமாக ஒரு வாலிபன். நெற்றியில் பொட்டு, கழுத்தில் கம்ப்யூட்டரில் செய்த செவ்வந்தி மாலை. கீழே கொட்டை எழுத்தில், ‘தோட்டத் தியாகி தர்மராஜ் கண்ட கனவு, யோகேந்திரன் கையில் நனவு!’

அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். துடைத்தால் மாறுகிற முகமா அது? இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. ரப்பர் மரம் சீவிப் பழகிய முதல் மாதத்தில் கத்தி வழுக்கிக் கிழித்த தழும்பு. அவர் கை தானாக மேலே போய்த் தன் புருவத்தைத் தடவியது. அதே பிளவு, அதே இடம்.

தர்மராஜ் செத்து நாற்பத்தஞ்சு வருசம் ஆகிறது. பேனரில் இருந்தது தர்மராஜ் இல்லை. இருபத்திரண்டு வயசு அர்ச்சுனன்.

உயிரோடு இருக்கிறவன் படத்துக்கு யாராவது மாலையும் பொட்டும் வைப்பார்களா? கல்யாண வீட்டில் விளையாட்டுக்குச் செய்தால்கூடப் பெரியவர்கள் கன்னத்தில் அறைவார்கள். ரொட்டியாவது ஒண்ணாவது, மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வழியில் எட்டு விளக்குக் கம்பம். எட்டிலும் அதே முகம்.

வீட்டில் மகள் மாதவி ஒரு கையில் போனும் ஒரு கையில் கோப்பியுமாகப் பரபரத்துக்கொண்டிருந்தாள். யோகேந்திரன் கட்சியின் மகளிர் பிரிவுக்கு இந்த வட்டாரத்தில் அவள்தான் தலைவி. பெண்டாட்டி போய்ச் சேர்ந்த இந்த ஆறு வருசத்தில் அர்ச்சுனனுக்கு என்று இருப்பது அவள் ஒருத்திதான்.

“பேனர் பாத்தீங்களாப்பா? எப்படி?”

“யாரு குடுத்தா அந்த போட்டோவ?”

“கோயில் மண்டபத்துல பழைய சங்கத்து குரூப் போட்டோ மாட்டியிருக்கில்ல, அதுலேருந்துதான் வெட்டினோம். இருவது பேரு நிக்கிறாங்க, யாரு தர்மராஜுன்னு பசங்களுக்குத் தெரியல. அப்புறம் பாத்தா ஒருத்தர் நெத்தியில மட்டும் சந்தனம், குங்குமம். செத்தவங்களுக்குத்தானே வைப்பாங்க? அத வெச்சே கண்டுபிடிச்சிட்டோம் லா!” என்று பெருமையாகச் சொன்னாள்.

அர்ச்சுனன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். குரூப் போட்டோவில் ஆள் தவறினால் அவர் நெற்றியில் மட்டும் பொட்டு வைக்கிறது தோட்டத்து வழக்கம்தான். ஆனால் உயிரோடு இருக்கிற தன் நெற்றியில் வைத்தது யார்?

“முகம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கேம்மா. தர்மராஜ் அண்ணன் இவ்வளவு ஒல்லி இல்ல.”

மாதவி முகம் சுருங்கியது. உடனே வேட்பாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் யோகேந்திரன் கடகடவென்று சிரித்தார். “அங்கிள், மூவாயிரம் போஸ்டர் அடிச்சாச்சு. ஜனங்களுக்கு ஒரு முகம் வேணும் லா. மீசை, மாலை, பொட்டு, அவ்வளவுதான். எதிர்க்கட்சிக்காரன் தர்மராஜ் எங்க ஆளுன்னு படமே இல்லாம ஓவியம் வரைஞ்சு வெச்சிருக்கான். நம்மளாவது நெஜ போட்டோ வெச்சிருக்கோமே! ஞாயித்துக்கெழம செராமா கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில உக்காருங்க. தியாகியோட சம்சாரம் வந்து மாலை போடுறாங்க. மங்கம்மா அம்மா ஒத்துக்கிட்டாங்க.”

மங்கம்மா! புருசன் முகம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா? மேடையில் மைக் முன்னால் நின்று, இது என் புருசன் இல்லை, அர்ச்சுனன் என்று அவள் சொன்னால் போதும். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

என்ன வரும் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். மூடி மூடி வைத்து அந்த மனுசன் பட்டதே போதும்.

நாற்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னால் இந்தத் தோட்டம் முழுக்க ரப்பர். தர்மராஜ்தான் தொழிலாளர் சங்கத்தின் கிளைத் தலைவர். அவருக்குக் கையாள், நிழல், எல்லாமே அர்ச்சுனன். பாரதத்து அண்ணன் தம்பி என்று ஊரே கேலி செய்யும். சம்பளத் தகராறு முற்றி, நூற்றிப்பன்னிரண்டு குடும்பத்தின் கைநாட்டு வாங்கிய மனுவை எடுத்துக்கொண்டு தர்மராஜ் விடியற்காலையில் சைக்கிளில் பகாவ் போய், அங்கிருந்து சிரம்பானுக்கு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. எந்த வழியாகப் போகிறார் என்பது அவருக்கும் அர்ச்சுனனுக்கும்தான் தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம் தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணி அர்ச்சுனனைத் தன் வீட்டுப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “வழிய மட்டும் சொல்லு. பேப்பரப் பிடுங்கிட்டு ஆள விட்டுருவாங்க. சொல்லலேன்னா உங்கம்மா சட்டி பானையெல்லாம் நாளைக்கு லயத்து வீட்டு வாசல்ல கிடக்கும்.” அம்மாவுக்கு அப்போது காசநோய், எழுந்து நடக்க மாட்டாள். அர்ச்சுனன் தரையைப் பார்த்தபடி, “நாத்துமேட்டுப் பாதை,” என்றார். ரெண்டே வார்த்தைதான்.

மறுநாள் தர்மராஜ் நாற்றுமேட்டுக் கால்வாயில் மண்டை உடைந்து கிடந்தார். சைக்கிளிலிருந்து விழுந்ததாகப் போலீஸ் எழுதிக்கொண்டது. பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தது அர்ச்சுனன். அன்றைக்கு ராத்திரியே தன்னிடம் இருந்த படங்களை எல்லாம் அடுப்பில் போட்டுக் கொளுத்தினார். அதனால்தான் பெற்ற மகளுக்கே அப்பனின் வாலிப முகம் தெரியாது. இப்போது தலை வழுக்கை, பல் கட்டின பல். அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், மீதிப் பேர் ரெம்பாவ், சிரம்பான் என்று போய்விட்டார்கள். மிஞ்சியது அவரும் மங்கம்மாவும்தான்.

இத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மாதவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது சோறு ஊட்ட அவர் சொன்ன கதையெல்லாம் தர்மராஜ் கதைதான். அப்பா அவர் கூட நின்று போராடினாராம், அப்பாவும் பெரியப்பாவும் கிராணியையே எதிர்த்தார்களாம். நடுவில் இருந்த ரெண்டு வார்த்தையை மட்டும் விழுங்கிவிட்டார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்துதான் அவள் கட்சிக்கே போனாள். தர்மராஜ் பேரைத் தேர்தலுக்கு எடுக்கலாம் என்று யோகேந்திரனுக்கு யோசனை சொன்னதும் அவள்தான். ஆளைச் சாகவிட்டது போதாது என்று, அவர் பேரை விற்கவும் வழி செய்து கொடுத்திருக்கிறார் மனுசன்!

அன்றைக்கு மத்தியானமே கோயில் மண்டபத்துக்குப் போனார். இத்தனை வருசமாகச் சாமியை வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு வருகிறவர். இன்றைக்கு நேரே உள்ளே போனார். சட்டம் போட்ட படம் தூணில் தொங்கியது. நடுவில் நாற்காலியில் தர்மராஜ், நெற்றி சுத்தமாக இருந்தது. அவருக்குப் பின்னால் நிற்கிற அர்ச்சுனனின் நெற்றியில்தான் பொட்டு. ஒரு நாளில் வைத்த பொட்டு இல்லை அது. சந்தனத்தின் மேல் சந்தனமாக, குங்குமத்தின் மேல் குங்குமமாக, கண்ணாடியில் தடித்துக் காய்ந்திருந்தது.

மண்டபம் கூட்டுகிற லெட்சுமி பின்னால் வந்து நின்றாள். இந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், பழைய முகம் எதுவும் தெரியாது. “என்ன மாமா அப்படிப் பாக்குறீங்க? மங்கம்மா அக்கா வைக்கிற பொட்டு. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு வந்து, துடைக்காம அது மேலயே வைக்கும். புருசன் மேல எவ்வளவு பாசம் பாருங்க!”

மங்கம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்பத்தஞ்சு வருசமாகக் கோயிலில், கல்யாணத்தில், கருமாதியில் எதிரே பார்த்து, “சௌக்கியமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே வருசத்துக்கு ஒரு தரம் வந்து அர்ச்சுனனைச் சாகடித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கச் சோறு இறங்கவில்லை. மாதவி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். சனிக்கிழமை காலை பொறுக்க முடியாமல் மங்கம்மா வீட்டுக்கே போய்விட்டார். அவள் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“வாங்க தம்பி. தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

“வேணாம் அண்ணி.” செருப்பைக் கழற்றாமலே நின்றார். “படம்… படம் மாறிப்போச்சு அண்ணி.”

“பாத்தேன். ரோடு பூரா இருக்கே.”

“நீங்கதான் பொட்டு…”

அவள் நிமிரவில்லை. கீரை உருவுகிற கையும் நிற்கவில்லை. “அன்னைக்குச் சாயங்காலம் கிராணி வீட்டுப் பின்னால பைப்புல தண்ணி பிடிச்சிட்டிருந்தேன், தம்பி. நீங்க பின்கட்டுலேருந்து வர்றதப் பாத்தேன், எதுக்குன்னு மறுநாள்தான் புரிஞ்சது.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அர்ச்சுனன் திண்டாடித் திண்டாடி, அம்மா படுத்த படுக்கை, பேப்பரை மட்டும்தான் பிடுங்குவதாகச் சொன்னார்கள், பயந்துவிட்டேன் என்று என்னென்னவோ உளறினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“நாளைக்கு மேடையில என்ன பேசப்போறீங்க அண்ணி? எனக்கு மாதவி ஒருத்திதான். அவ மூஞ்சிய மட்டும் நெனச்சுப் பாருங்க.”

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். “எம்மவனுக்கு அப்ப எட்டு மாசம். அவன் மூஞ்சிய யாரு நெனச்சா?” என்று கேட்டுவிட்டுக் கீரைக் குச்சிகளை ஒதுக்கினாள். “எனக்குப் பேசத் தெரியாது. மாலை போடச் சொன்னாங்க, போடுறேன். போய்ட்டு வாங்க.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் கோயில் திடல் நிரம்பிவிட்டது. கூடாரம், சிவப்பு நாற்காலி, பின்னால் பிரியாணி தேக்சா. சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க்கட்சியின் கொட்டகை. அங்கே ஓவியத்தில் இருந்த தர்மராஜுக்கு இந்தப் பக்கத்துப் படத்தைவிடப் பெரிய மீசை. உயிரோடு இருந்தபோது ஒரு கட்சிக்காரனும் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதில்லை. செத்த பிறகு ரெண்டு பக்கமும் என்ன இழுவை!

முன்வரிசைக்குப் போகாமல் அர்ச்சுனன் மூன்றாம் வரிசை ஓரத்தில், கூடாரக் கம்பத்தை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகுதான் பார்த்தார், அந்தக் கம்பத்திலும் அவர் தலைக்குப் பக்கத்தில் அதே போஸ்டர். எழுந்து இடம் மாறுவதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது.

யோகேந்திரன் மைக்கைப் பிடித்தார். “தர்மராஜ் ஐயா என் கனவுல வந்தாரு. என் பிள்ளைகள உன் கையில ஒப்படைக்கிறேன்னாரு!” விசில் பறந்தது. “இப்ப தியாகியின் துணைவியார், வீரத்தாய் மங்கம்மா அம்மா!”

வெள்ளைச் சேலையில் மங்கம்மா மெல்ல மேடை ஏறினாள். மாதவி தாம்பாளத்தை நீட்டினாள். பெரிய படத்துக்கு மங்கம்மா மாலை போட்டாள். விரலால் சந்தனம் தொட்டு, குங்குமம் தொட்டு, பிளந்த புருவத்துக்கு மேலே நெற்றியில் பொட்டு வைத்தாள். யோகேந்திரன் மைக்கை அவள் வாயருகில் கொண்டு போனார். “ரெண்டு வார்த்தை, அம்மா.”

ரெண்டு வார்த்தை! திடலே அமைதியாகிவிட்டது.

“எனக்குப் பேச வராதுங்க,” என்றாள் மங்கம்மா. “படத்துல உள்ளவர நல்லாத் தெரிஞ்சவர் ஒருத்தர் இங்க உக்காந்திருக்காரு.”

தாம்பாளத்தோடு படி இறங்கினாள். எல்லாத் தலையும் அவள் கூடவே திரும்பியது. மாதவி போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டே முன்னால் ஓடி வந்தாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் வந்து நின்ற மங்கம்மா, அர்ச்சுனனின் நெற்றியில் சந்தனத்தை அழுத்தி அதன் மேல் குங்குமத்தை வைத்தாள். விரல் சில்லென்று இருந்தது. குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “போட்டோவுல வெச்சு வெச்சுக் கை அலுத்துப்போச்சு தம்பி,” என்றாள்.

“பாருங்க! தியாகியோட தோழர்! இன்னும் நம்ம கூட இருக்காரு!” யோகேந்திரன் மேடையில் துள்ளினார். “கை தட்டுங்க, கை தட்டுங்க!”

திடல் அதிர்ந்தது. யாரோ அர்ச்சுனன் கழுத்திலும் ஒரு மாலையைப் போட்டார்கள்.

மாதவி இன்னும் படம் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். போன் திரையில் அப்பாவின் முகமும் கம்பத்துப் போஸ்டரும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. மாலையும் மாலையும், பொட்டும் பொட்டும், பிளந்த இடது புருவமும் பிளந்த இடது புருவமும். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. போனைக் கீழே இறக்கினாள். நெற்றியைத் துடைத்துவிட அர்ச்சுனன் கையைத் தூக்கப் பார்த்தார், கை எழவில்லை.

“அப்பா,” என்றாள் மாதவி. கைதட்டலுக்கு நடுவிலும் அவருக்கு அது தெளிவாகக் கேட்டது. “அவங்க ஏன் உங்களுக்குப் பொட்டு வெச்சாங்க?”