அஞ்சலாட்சி வாய் திறந்த மத்தியானம்

அஞ்சலாட்சி பேச்சைக் குறைத்துக்கொண்டு இரண்டு வருடமாகியிருந்தது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கும்போது விரலைக் காட்டுவாள். வாடிக்கை வீடுகளில் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சும்மா நிற்பாள். கல்யாணத்தன்று மகள் காலில் விழுந்தபோதுகூட அவள் தலையைத் தொட்டாளே தவிர, நல்லா இரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் வாயைக் கண்டு அவளுக்கே பயம்.

காரணம் பாவாடை என்கிறவன். வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரன். மகளுக்கு முதலில் பேசிமுடித்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அவன் எதையோ உளறிவைக்க, அந்தச் சம்பந்தம் கலைந்துபோனது. அஞ்சலாட்சி அவன் வாசலில் போய் நின்று, இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள்.

"கடலுக்குப் போறவன் கரைக்குத் திரும்பாம போவணும்டா!"

மூன்றாம் நாள் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்தி வந்தார்கள். பாவாடை வரவில்லை.

அவன் மனைவி செல்வாம்பாளுக்கு இது தெரியாது. மண் தூற்றிய அன்று அவள் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் பார்த்த ஒன்றிரண்டு பேரும் அவளிடம் சொல்லவில்லை, நாளடைவில் மறந்தும்போனார்கள். அஞ்சலாட்சியால்தான் முடியவில்லை. கண்ணை மூடினால் வீட்டுக்குள் கடல் வந்து நின்றது. அலையில்லாத, சத்தமில்லாத கணுக்கால் தண்ணீர். அதில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இவள் கூப்பிடப் பார்ப்பாள். நாக்கு எழும்பாது.

2008 கோடையில், வியாபாரம் முடிந்து திரும்பும் வழியில், வெயில் தாங்காமல் ரயிலடிப் பக்கத்து மாதா கோயிலுக்குள் ஒதுங்கினாள். உள்ளே ஆளில்லை. வண்ணக் கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கி, தரையில் சிவப்பும் நீலமுமாகப் படர்ந்திருந்தது. உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேச வேண்டியதில்லாத இடம் ஊரில் ஒன்றாவது இருக்கிறதே என்று தோன்றியது. மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

நாலாம் நாள், முன்பெஞ்சில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் செசில். அஞ்சலாட்சியின் வயதுதான் இருக்கும். பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கும் குடும்பம், பிள்ளைகள் இருவரும் பிரான்சில்.

"கூடைய ஏன் வெயில்ல வெச்சிட்டு வந்தீங்க? உள்ள கொண்டாங்க."

அஞ்சலாட்சி மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"கவிச்சி அடிக்கும்னா? இவர் கூட சுத்தினவங்க பாதிப் பேரு மீன் புடிச்சவங்கதான். அவருக்குப் பழக்கம்." செசில் சிலுவையைக் காட்டிச் சிரித்தாள்.

அஞ்சலாட்சிக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அடக்க அடக்க, தோள் குலுங்கியது. செசில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதையும் கேட்கவில்லை. கடைசியில் அஞ்சலாட்சியே வாயைத் திறந்தாள். கரகரத்த குரலில், தன் பெயரிலிருந்து எல்லாம் வந்தது. கலைந்த சம்பந்தம், வாரிய மண், சொன்ன சொல், கவிழ்ந்த படகு.

"நான்தான் கொன்னுட்டேன் மதாம்."

செசில் ஜெபமாலையை மடியில் வைத்தாள்.

"நான் சாமியார் இல்ல. படகு எதனால கவுந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆனா இவரையும்தான் அத்தனை பேரும் திட்டினாங்க, காறித் துப்பினாங்க. எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு, அவங்களுக்காகவே வேண்டிக்கிட்டாரு. உன்னுதையும் வாங்கிப்பாரு அஞ்சலை. குடுத்துடு."

எப்படிக் கொடுப்பது என்று அஞ்சலாட்சிக்குத் தெரியவில்லை. சிலுவையில் தொங்கியவரைப் பார்த்தாள். சோர்ந்து சாய்ந்த தலை, விரிந்த கை. "என்னால தூக்க முடியல சாமி," என்றாள். அவ்வளவுதான். தரையிலிருந்த நீலம் மெல்ல நகர்ந்து அவள் கால்மேல் ஏறியது. எங்கோ தூரத்தில் ரயில் கூவியது. நெஞ்சிலிருந்து ஏதோ நீர் வடிகிற மாதிரி வடிந்தது. பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்தில் கனவில்லை.

விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செசில் இன்னும் அங்கேயே இருந்தாள்.

அஞ்சலாட்சி நேராகச் செல்வாம்பாள் வீட்டுக்குப் போனாள். வலை பின்னிக்கொண்டிருந்த செல்வாம்பாளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "என்னை அடிச்சாலும் சரி செல்வா. உங்கிட்ட சொல்லாம இனிமே இருக்க மாட்டேன்."

செல்வாம்பாளின் கை நின்றது. முகம் கறுத்தது. "எழுந்து போயிடு," என்றாள். அஞ்சலாட்சி எழுந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அன்னிக்குக் காலைல நானும் திட்டிதான் அனுப்பினேன். ஒழிஞ்சாலும் நிம்மதின்னு சொன்னேன். யாருக்கும் தெரியாது."

அஞ்சலாட்சி திரும்பி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஆனாலும் அதற்குப் பிறகு ஒரு மாதம் செல்வாம்பாள் அவள் முகத்தையே பார்க்கவில்லை. அஞ்சலாட்சி வற்புறுத்தவுமில்லை. தினமும் மத்தியானம் கோயிலில் உட்கார்ந்து, பாவாடைக்காகவும் அவன் மனைவிக்காகவும் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். மகள் வீட்டுக்குப் போய், "நீ நல்லா இருக்கணும்டி," என்று அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுதாள்.

ஆடி பிறந்த இரண்டாம் நாள் செல்வாம்பாள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். துவைத்த புடவை, படிய வாரிய தலை.

"அங்க கோயிலுக்கு வந்தா என்ன சொல்லணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். வா, மொதல்ல வந்து உக்காரு."