வெள்ளிக்கிழமை மட்டும் ஏறும் பென்சீன்

காத்துல கலந்திருக்கிற விஷவாயு அளவுகளைக் கணக்குப் போட்டு ரிப்போர்ட் எழுதுறதுதான் பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ்ல எனக்கு வேலை. ஒரு நாள் என் மேசைக்கு வந்த டேட்டா போர்ட் கிள்ளான்ல ஒரு தமிழ்ப்பள்ளியில எங்க ஆபீஸ் வச்சிருக்கிற காத்து அளக்கிற மிஷினோடது. என் மக புனிதா படிக்கிற பள்ளி! கன்டெய்னர் லோரி ஓடுற ரோட்டோரம் இருக்கு. பென்சீனோட சராசரி அளவு, அனுமதிச்ச வரம்பைத் தாண்டி நின்னுச்சு. பென்சீன்னா ரத்தப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

அன்னிக்கே வீட்டுக்காரர் லோகன்கிட்ட சொல்லிட்டேன். "வருஷக் கடைசி லீவோட புள்ளைய ரவாங்ல உங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிடலாம். அங்கேயே படிக்கட்டும்." அவரு உடனே அக்காவுக்குப் போன் போட்டாரு. புனிதாதான் அழுது தீர்த்தா.

ஆனா கணக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. லோரிதான் காரணம்னா தினமும்ல ஏறணும்? காத்து அடிக்கிற திசையோட ஒப்பிட்டேன், மழையோட ஒப்பிட்டேன், சம்பந்தமே இல்ல. கிழமை வாரியாப் பிரிச்சேன். அட! வெள்ளிக்கிழமை காலையில மட்டும் மளமளன்னு ஏறுது. அதுதான் மொத்த சராசரியையும் தூக்கிவிட்டிருக்கு.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிஞ்சதும் பள்ளியில போய் நின்னேன். அங்க ஜாகா வேலை, அதான் காவல் வேலை பார்க்கிற தம்புசாமி அண்ணே பள்ளி கேட்டுக்கும் ஆபீஸ் வாசலுக்கும் சாம்பிராணி காட்டிட்டு, நேரா நம்ம மிஷின்கிட்ட வந்தாரு. அது காத்தை இழுக்கிற குழாய்க்கு நேரா தட்டைப் பிடிச்சு நல்லா சுத்து சுத்துன்னு சுத்தினாரு. மிஷினுக்குக் குங்குமப் பொட்டு வேற!

"ஐயோ, என்னண்ணே பண்றீங்க?"

"நம்ம புள்ளைங்களைக் காப்பாத்த வந்த மிஷின்லா, தங்கச்சி. அதுக்குக் காட்டாம விடலாமா?"

சாம்பிராணிப் புகையிலயும் பென்சீன் இருக்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. நானே வெள்ளிக்கிழமை லேப்டாப்புக்குச் சாம்பிராணி காட்டுறவ, எனக்கு எப்படித் தோணாமப் போச்சு!

இருந்தாலும் கண்ணால பார்த்ததை மட்டும் வச்சு முடிவெடுக்க மனசு வரல. மிஷின் பக்கம் மட்டும் தட்டோட வரவேணாம்னு அண்ணேகிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன். அதுக்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமைகள் எதுலயும் அளவு ஏறவே இல்ல. சராசரி வரம்புக்கு நல்லாவே கீழ இறங்கிடுச்சு. அப்பாடா! நாற்காலியிலயே சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டேன்.

உடனே லோகனுக்குப் போன் போட்டேன். மறுநாள் ரவாங் கிளம்பணும்னு அவரு புனிதா துணிமணியை பேக்ல அடுக்கி அப்பத்தான் ஜிப்பைப் போட்டிருந்தாரு.

"எடுத்து வெளிய வச்சிடுங்க. அவ நம்மகிட்டயே இருக்கட்டும்."

போன்ல ஜிப்பை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு.