வரவேற்புப் பாட்டு

"படம் மட்டும் எடுக்காதீங்கக்கா. பிள்ள பேரையும் வெளிய எங்கயும் சொல்லாதீங்க."

கோமளா கேட்டது அவ்வளவுதான். மகள் அகல்யாவை முதல் சனிக்கிழமை கீபோர்ட் வகுப்புக்குக் கொண்டுவந்து விட்டவள், தேவாலய மண்டபத்துப் படியைக்கூட மிதிக்காமல் வெளியே நின்றே கேட்டாள்.

"மதம் மாத்திருவோம்னு பயமா?" என்று பிரிசில்லா சிரித்தாள்.

"சேச்சே. மாரியாத்தா அதுக்கெல்லாம் கோவிச்சுக்க மாட்டா. இவ அப்பாதான்…"

மீதியைப் பாஸ்டர் ஏற்கெனவே பிரிசில்லாவிடம் சொல்லியிருந்தார். பேராக் மாநிலத்திலிருந்து ஒரு பையோடு பஸ் ஏறி வந்தவர்கள். டுரியான் துங்கால் பக்கத்துத் தோட்டத்தில் காலியாகக் கிடந்த லயத்து வீடு ஒன்றைச் சபையார்தான் கூட்டித் துடைத்துக் கொடுத்தார்கள். பல்கலைக்கழகப் பக்கம் ஒரு கேன்டீனில் கோமளாவுக்கு வேலையும் பிடித்துக் கொடுத்தார்கள். ஏன் ஓடி வந்தார்கள் என்பது பாஸ்டருக்கும் பிரிசில்லாவுக்கும் மட்டும் தெரியும்.

பிரிசில்லா வாரநாளில் சுங்கை ஊடாங்கில் ஆலை ஆபீஸில் வேலை செய்தாள். சனிக்கிழமை மதியம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வந்த பிள்ளைகளில் அகல்யா மாதிரி ஒன்றை அவள் பார்த்ததில்லை. ஒருமுறை கேட்டால் போதும், விரல் தானாகக் கட்டையைத் தேடிப் போனது.

"இடது கை சுண்டு விரல கொஞ்சம் வளைம்மா."

"வளையாதுக்கா."

"விழுந்துட்டியா?"

"இல்ல. கதவு."

"கதவுல மாட்டிக்கிச்சா?"

"மாட்டிக்கல. அப்பா வச்சு சாத்துனாரு."

நேற்று மழை பெய்தது என்பதுபோல்தான் சொன்னாள். பிரிசில்லா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அதன்பிறகு ஒவ்வொரு பாட்டையும் அந்தக் கையின் நாலு விரலுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தாள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. வெளியே கேட்கிற சத்தத்தைக் கீபோர்டில் வாசிக்க வேண்டும். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளின் ஹார்ன், இரும்புக் கேட்டின் கிறீச், கொதிக்கிற கெண்டியின் விசில், எல்லாவற்றையும் அகல்யா பிடித்துவிடுவாள். ஒருநாள் வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோது அவளே நாலு கட்டைகளை அழுத்தினாள். மூன்று இறங்கி, ஒன்று சட்டென்று ஏறியது.

"இது என்னா?"

"அப்பா லாரி. முக்கு திரும்புறப்பவே ஹார்ன் அடிப்பாரு. ஒடனே அம்மா அடுப்ப அமத்திருவாங்க."

"ஏன்மா?"

"சட்டியில கொதிக்கிறது எதுவும் இருக்கக் கூடாதுல்ல."

பிரிசில்லா அந்தக் கட்டைகளின்மேல் துணியைப் போட்டு மூடினாள். "இன்னிக்குப் போதும்."

சபையில் மெர்சி அக்காவைத் தெரியாத ஆளில்லை. பெண்கள் ஐக்கியத்துக்கு அவர்தான் தலைவி, அடுப்படிக்கும் அவர்தான் ராணி. மகனுடைய பழைய கீபோர்டை அகல்யாவுக்குக் கொடுத்தவர் அவர். ஞாயிறுதோறும் தாய்க்கும் மகளுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுத்தனுப்புவதும் அவர்தான். புதிதாக ஒருவர் ஆலயத்துக்குள் வந்துவிட்டால் மெர்சி அக்கா விடமாட்டார். முன்வரிசையில் உட்காரவைத்து, எழுப்பிப் பெயர் சொல்லவைத்து, வரவேற்புப் பாட்டைத் தொடங்கிவிடுவார். சபை முழுவதும் ஒவ்வொருவராக வந்து கைகொடுத்து முடிக்கும்வரை அந்தப் பாட்டு திரும்பத் திரும்பப் போகும். கோமளாவும் அதில் ஒருநாள் வியர்த்து விறுவிறுத்து நின்றவள்தான்.

அறுப்பின் பண்டிகை அன்று பிரிசில்லா ஆலயத்துக்குப் போக முடியவில்லை. ஆலையை நிறுத்தி வைத்துப் பராமரிப்பு வேலை நடந்தது, லீவு கிடையாது. வாரம் முழுக்க அந்த வேலை இழுத்தது. அடுத்த ஞாயிறு காலை, தங்கா பத்துவில் இருந்த தன் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டே சபையின் ஃபேஸ்புக் பக்கத்தைத் திறந்தாள். கோமளாவும் மெர்சி அக்காவும் ஃபோனை எடுக்கவில்லை. பாதிக் கோப்பியை அப்படியே வைத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

ஆலயத்தில் ஆராதனை தொடங்கியிருந்தது. இப்போதெல்லாம் ஆராதனைக்கு வாசித்துவந்த அகல்யாவின் கீபோர்ட் வெளிவரைக்கும் தெளிவாகக் கேட்டது. மெர்சி அக்கா பின்கட்டு அடுப்படியில் பெரிய குவாலிச் சட்டியில் மீஹூன் சேமியா கிண்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பண்டிகை வீடியோவ மொதல்ல ஃபேஸ்புக்லேர்ந்து எடுத்துருங்க."

"வந்ததும் வராததுமா என்னா பிள்ள? எவ்ளோ பேரு பாத்துட்டாங்க தெரியுமா? கிள்ளான்ல என் நாத்தனாரு அழுதுட்டாளாம்லா!"

"பிள்ள பேரு சொல்லிருக்கீங்க. அம்மா பேரும் சொல்லிருக்கீங்க."

"சாட்சி சொல்றப்ப பேரு சொல்லாம எப்படி? பேரு தெரியாத பிள்ளைக்கு யாரு ஜெபம் பண்ணுவா?"

"கோமளா வேணாம்னு சொல்லிருந்துச்சு."

"எங்கிட்ட யாரும் சொல்லலியே."

"ஒங்ககிட்ட சொன்னா ஜெபக் கூட்டத்துல சொல்லிருவீங்கன்னு பாஸ்டர்தான் பயந்தாரு."

மெர்சி அக்காவின் கை நின்றது. "அப்படியா பேசுறீங்க என்னப் பத்தி?"

"அத விடுங்கக்கா. வீடியோவுக்குக் கீழ ஒருத்தரு எந்தக் கோயில்னு கேட்டிருக்காரே. யாரு அது?"

"அவரா? பாவம், தங்கமான மனுசன். பாப்பா நல்லா வாசிக்குது, நேர்ல வந்து கேக்கணும்னாரு. வழி சொன்னேன். ஆராதன எத்தன மணிக்குன்னு சொன்னேன். பசியாறிட்டே போலாம் பிரதர்னு சொன்னேன். தப்பா?"

"பேரு என்னா போட்டிருந்துச்சு?"

"ஏதோ இங்கிலீஷ்ல. மூஞ்சிகூட வைக்கல. ஒரு லாரி படந்தான் வச்சிருந்தாரு."

"அக்கா… அகல்யா அப்பா லாரி ஓட்டுறவரு. பிள்ள விரல ஒடச்சது அவருதான்."

அப்போது உள்ளே பாட்டு தடுமாறியது. சபை ஒரு பக்கம் பாடிப் போக, கீபோர்ட் மட்டும் தனியே நாலு சுரம் வாசித்தது. மூன்று இறங்கி ஒன்று ஏறியது. மறுபடியும் அதேதான், முன்னைவிட அழுத்தமாக.

"பிள்ள தப்பா வாசிக்குது," என்றார் மெர்சி அக்கா.

"தப்பில்லக்கா. நம்மள கூப்புடுது. வந்துட்டாரு."

"எங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"அதுக்குக் கேட்டிருச்சு."

ஒரு நிமிடம் கழித்துத்தான் மற்றவர்களுக்கு அது கேட்டது. செம்பனை மரங்களுக்கு அப்பால், தோட்டத்து முக்கில், லாரி ஹார்ன்.

மெர்சி அக்கா அடுப்பை அணைத்தார். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தார்.

"நீ பின்பக்கமா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ. நேரா போலிஸ் ஸ்டேஷன்."

"நீங்க?"

"நான் கூப்ட்ட விருந்தாளி. நானே கவனிச்சுக்கிறேன்."

பிரிசில்லா பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே போனபோது அகல்யா கீபோர்டைவிட்டு எழுந்து தயாராக நின்றிருந்தாள். அழவில்லை. பெண்கள் வரிசையிலிருந்து கோமளா செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

"சொன்னேனேக்கா… சொன்னேனே…"

"அப்புறம் திட்டு. இப்ப வா."

கார் பின்பக்கம் மரத்தடியில் நின்றது. ஏறும்போது சுவர் இடுக்கு வழியாக வாசல் தெரிந்தது. லாரி அணைக்கப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. இறங்கியவன் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். கையில் ரிப்பன் கட்டிய கேக் பெட்டி. பார்த்தவர் யாரும் கெட்டவன் என்று சொல்லமாட்டார்கள்.

"வாங்க பிரதர், வாங்க!" மெர்சி அக்காவின் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது. "புதுசா வந்திருக்கீங்க, முன்னாடி வந்து உக்காருங்க."

"பரவால்லக்கா. பிள்ள வாசிக்கிறத பாத்துட்டுப் போயிருவேன்."

"பாக்கலாம், பாக்கலாம். மொதல்ல ஒங்களுக்குன்னு ஒரு பாட்டு இருக்கு. எங்க வழக்கம். கேக் பெட்டிய என்கிட்ட குடுங்க. எல்லாரும் எந்திரிங்க! ஒருத்தர் விடாம வந்து கை குடுங்க!"

வரவேற்புப் பாட்டு கீபோர்ட் இல்லாமலே தொடங்கியது. பிரிசில்லா காரை மெதுவாக நகர்த்தினாள். வாசல் வழியாகப் போக முடியாது. செம்பனைக்கு நடுவே தோட்டத்து மண்பாதை ஒன்று பெரிய சாலைக்குப் போனது. குழியும் மேடுமாக இருந்ததால் வேகமாகவும் போக முடியவில்லை.

பின்சீட்டில் கோமளா போலிசுக்குப் பேசினாள். "ஆமா சார்… எங்க கிட்ட வரக் கூடாதுன்னு கோர்ட் ஆர்டர் இருக்கு சார்… காந்தன், அவரு பேரு காந்தன்… இப்ப, இப்பவே வந்திருக்காரு…" ஃபோனை இறக்கினாள். "கார் அனுப்புறாங்களாம்."

"எத்தன நேரத்துல?"

"சொல்லல."

மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோயின. பாட்டுச் சத்தம் தேய்ந்துகொண்டே வந்து பிரிசில்லாவுக்குக் கேட்காமலே போய்விட்டது.

"இன்னும் பாடுறாங்களாம்மா?" என்று அகல்யாவிடம் கேட்டாள்.

"பாடுறாங்க. மெர்சி ஆன்ட்டி சத்தமாப் பாடுறாங்க. சுதி எங்கயோ போவுது."

கோமளாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினாள்.

அகல்யா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். இடது கையின் நாலு விரலும் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று விரல்கள் அசையாமல் நின்றன.

"அக்கா, பாட்டு நின்னுருச்சு."

"முடிஞ்சிருக்கும்மா."

"முடியல. பாதி வரியில நின்னுருச்சு."

பிரிசில்லா ஆக்சிலேட்டரை மிதித்தாள். கார் ஒரு குழியில் விழுந்து எழுந்தது. தூரத்தில் பெரிய சாலையின் வெளிச்சம், மரங்களின் முடிவில் ஒரு சின்னக் கதவுபோலத் தெரிந்தது.

கோமளாவின் கை ஜன்னல் பொத்தானைத் தேடிப் போனது. "மூடிரவாம்மா?"

"வேணாம்மா," என்றாள் அகல்யா. "லாரி வந்தா எனக்குக் கேக்கணும்."